இரண்டு வாய், ஒரு வைத்தியம்

ஒரு வருஷத்தின் பெரும்பகுதி, என் மாமா பெண் தண்ணீர் குடிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்கு இட்ட வேலை. காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, விளக்கு ஏற்றிய பிறகு ஒரு தடவை. அவள் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்வாள். விழுங்கும்போது உதடு இழுபடுகிறதா, நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று நான் கவனிக்க வேண்டும். அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதை இதுவரை எழுதியதில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குப் பதினொன்று. கரமனைத் தெருவுக்கு மின்விளக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். என் அப்பாவுக்குச் செங்கோட்டையில் வனத்துறை ஆபீசில் குமாஸ்தா வேலை. அங்கே பெண்கள் படிக்க நாலு வகுப்புக்கு மேல் இல்லாததால் என்னைத் திருவனந்தபுரத்தில் மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாமாவுக்குச் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். அவருக்கு ஒரே பெண். மாமா மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் கூப்பிடுவது அவளைத்தான். செருப்பைக் கழற்றுவதுகூட அதற்கப்புறம்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாய். கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தாலும் முன்பற்கள் மேலும் கீழும் சந்திக்காது. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அரிசிச் சேவையை வாயில் வைத்துக் கடித்தால் அறுபடாது, அப்படியே தொங்கும். கையால்தான் பிய்க்க வேண்டும். முறுக்கைக் கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் உடைக்க வேண்டும். அவள் எட்டு வயதுவரை கட்டைவிரல் சூப்பினவள். எனக்கு வருஷத்தில் பாதி நாள் மூக்கடைப்பு, வாயால் மூச்சு விட்டே வளர்ந்தேன். காரணம் வேறு, முடிவு ஒன்று.

பேச்சும் ஒன்றுதான். ஸகாரம் எங்கள் இருவருக்கும் வராது. நாக்கு அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஸ எல்லாம் த ஆகிவிடும். தெருவில் ஐயப்பனுக்குச் சாஸ்தா ப்ரீதி நடக்கும்போது, "தாத்தா ப்ரீதிக்குப் போகணும்பா" என்று அவள் சொல்வாள். கேட்டவர்களெல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளி, "இன்னொரு தரம் சொல்லுடீ கொழந்தே" என்பார்கள். அதே வார்த்தையை அதே மாதிரி நான் சொன்னால், "இவ்வளவு பெரிய பொண்ணு, இன்னும் நாக்கு திரும்பலையே" என்பார்கள். இரண்டு வயது வித்தியாசத்தில் ஒரே குறை ஒருத்திக்கு மழலை, இன்னொருத்திக்கு ஊனம். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஸ வராத வார்த்தையாகத் தேடிப் பேசப் பழகினேன். 'சாதம் போதும்' என்று சொல்ல மாட்டேன், இலையைக் கையால் மறைப்பேன்.

அவளுக்குப் பாட்டு வந்தது. அதுவும் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த பாகவதர் ஒரு நாள் ஸ்ருதிப் பெட்டியை மூடிவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"கொழந்தைக்குச் சாரீரம் அமிர்தம். ஆனா இவ ஸ்வரம் பாடினா எல்லா ராகத்துக்கும் ரெண்டு தைவதம் இருக்கு, ஷட்ஜமே இல்லை. ஸவும் த, தவும் த. நான் என்ன பண்ணட்டும்?"

மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே வண்டி பேசினார். வெளியூரில் பல் வைத்தியம் படித்துவிட்டு வந்த ஒருவர் புளிமூட்டில் ஒரு மாடியில் புதிதாக வைத்தியசாலை போட்டிருந்தார். அவளுக்குத் துணையாக நானும் வண்டியில் ஏறினேன். கிள்ளிப்பாலம் தாண்டி, சாலைக் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்று நின்று போயிற்று. வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இவளைப் பார்த்து முடித்ததும் மாமா, 'இந்தக் கொழந்தைக்கும் இதே மாதிரிதான், பாருங்கோ' என்று சொல்வார். நான் வாயைத் திறப்பேன்.

டாக்டர் இளவயதுக்காரர், மலையாளி. எங்கள் வீட்டில் தமிழ் என்று தெரிந்து இரண்டும் கலந்து பேசினார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து வாய்க்குள் பார்த்தார். பிறகு ஆயுதம் எதையும் எடுக்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார்.

"கொறச்சு வெள்ளம் குடிக்கு மோளே, நோக்கட்டே."

அவள் குடித்தாள். டாக்டர் அவள் கீழுதட்டை விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு வாய் குடித்து விழுங்கச் சொன்னார். அவள் நாக்கு நுனி பல் இடுக்கு வழியாக வெளியே வந்தது, தண்ணீரும் மோவாயில் வழிந்தது.

"கண்டோ ஸ்வாமி?" என்று மாமாவைப் பார்த்தார் டாக்டர். "பல்லில ஒரு குத்தமும் இல்ல. நாக்காக்கும் குத்தவாளி. விழுங்கறப்ப நாக்கு மேல அண்ணத்தில போய் நிக்கணும். இவளுக்கு முன்னால வந்து பல்லைத் தள்ளுது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் எச்சில் விழுங்கறோம்? அத்தனை தரமும் தள்ளல்தானே? போதாததுக்கு வாய் எப்பவும் திறந்தே இருக்கு. வெளியிலேருந்து பல்லைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய உதட்டுக்கு பலமே இல்ல."

"கம்பி கட்டினா சரியாகுமோ?" என்று மாமா கேட்டார்.

"கட்டலாம். பல் இறங்கும். கம்பியை எடுத்தா நாக்கு பின்னையும் தள்ளும். முதல்ல நாக்கைப் படிப்பிக்கணும்."

பிறகு பயிற்சி சொன்னார். நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் வைத்து, கடைவாயைச் சேர்த்து, உதட்டை இறுக்காமல் மூடி, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் விழுங்க வேண்டும். ஒரு பெரிய பித்தானில் நூல் கட்டி, உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து, நூலை இழுக்க இழுக்க உதட்டால் பிடித்து நிறுத்த வேண்டும். மற்ற நேரமெல்லாம் வாயை மூடி மூக்கால் மூச்சு விட வேண்டும். மூன்று வேளை, கண்ணாடி பார்த்து, யாராவது கூட இருந்து கவனிக்க வேண்டும்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். வாயைக்கூடக் கொஞ்சம் திறந்திருப்பேன். மாமா குடையை எடுத்துக்கொண்டு, "போலாமா?" என்றார்.

திரும்பும்போது சாலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, மரப்பிடி போட்ட கைக்கண்ணாடி ஒன்று அவளுக்கு வாங்கினார். என்னிடம் அதைக் கொடுத்து, "உடையாம பிடிச்சுக்கோம்மா" என்றார். கரமனை வரை என் மடியில்தான் இருந்தது. நான் அதில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேற்பார்வை என் தலையில் விழுந்தது. "நீதானே கூட இருக்கே, பாத்துக்கோ" என்று மாமி சொல்லிவிட்டாள். மாமி கெட்டவள் அல்ல. எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரிதான் தலை பின்னிவிடுவாள், ஒரே மாதிரிதான் அதட்டுவாள். ஆனால் சமையலறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடும் கண் அவளுக்கு.

முதல் நாலைந்து நாள் என் மாமா பெண் ஒழுங்காகச் செய்தாள். பிறகு அலுத்துவிட்டது. விழுங்குவது மூச்சு விடுவது மாதிரி, தானாக நடப்பது. அதை ஒருவர் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டுமென்றால் தாடை வலிக்கும், தொண்டை அடைக்கும், தண்ணீர் மூக்கில் ஏறும். ஒரு நாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, போதும்க்கா. இன்னிக்கு தெஞ்சாச்சுன்னு தொல்லிடேன்."

"ம், நான் பாத்துக்கறேன். நீ போய் விளையாடு" என்றேன்.

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீதான் நல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த நிமிஷம் என் மனசில் இருந்தது இரக்கம் இல்லை. இவளுக்குச் சரியாகாது, என்னால் சரியாகாது, அதையும் இவளே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள் என்பதில் ஒரு குளிர்ச்சி இருந்தது. அன்று முதல் தினமும் மூன்று வேளையும், அவள் கேட்காத நாளில்கூட, "பரவாயில்லைடீ, போ" என்று நானே அனுப்பிவைத்தேன். மாமா கேட்டால், "செஞ்சா மாமா" என்பேன். அந்தப் பதிலில் ஒரு ஸகாரம் இருந்ததால் அதையும் தலையாட்டலாக மாற்றிக்கொண்டேன்.

அவள் போன பிறகு கிளாஸில் மிச்சமிருந்த தண்ணீரை நான் குடித்துப் பார்த்தேன். அப்படித்தான் தொடங்கிற்று.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. டாக்டர் அவளிடம் சொன்னது என் காதில் ஒரு எழுத்துவிடாமல் இருந்தது. அப்பா மறந்து விட்டுப்போன பழைய கோட்டிலிருந்து ஒரு பித்தானைப் பிய்த்து, பூத்தொடுக்கும் நாரில் கட்டிக்கொண்டேன். விடிகாலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது கழுத்தளவு தண்ணீரில் நின்று, பித்தானை உதட்டுக்குள் வைத்து இழுப்பேன். முதல் மாதம் தொட்டவுடனே வெளியே விழுந்தது. கரைக்கு வந்து துணி துவைக்கும்போது வாயை மூடிக்கொண்டே இருப்பேன். ஆடி மாதம் மூக்கு அடைத்தபோது மூச்சு முட்டிக் கண்ணில் நீர் வந்தது. சுக்கும் துளசியும் போட்டு ஆவி பிடித்தேன். தலைவலி என்று மாமியிடம் சொன்னேன்.

நாக்கு நுனியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் பல நாள் திண்டாடினேன். தற்செயலாக ஒரு நாள் 'பொன்' என்று சொல்லி அப்படியே நிறுத்தியபோது புரிந்தது. அந்த 'ன்' முடிகிறபோது நாக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு ஒவ்வொரு வாய் மோரையும், ரசத்தையும், எச்சிலையும் 'பொன்' என்று மனசுக்குள் சொல்லி விழுங்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு போடும்போதும் விழுங்கினேன். அவ்வளவு பிடிவாதம் நல்ல எண்ணத்தில் எனக்கு வந்திருக்காது. அவளுக்கு வாங்கிக்கொடுத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற எண்ணம்தான் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். அவள் பல்லில் மெழுகுத் தகட்டைக் கடிக்க வைத்துப் பார்த்தார். "ஒரு மாற்றமும் இல்லல்லோ" என்றார். தினமும் செய்கிறாளா என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். மாமாவின் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்றைக்குச் சங்கடத்தைவிட நிம்மதி அதிகம்.

அடுத்த தடவை போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சத்தியம் பறயணும் மோளே. இவ செய்யறாளா?" என்று என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

தலையாட்டல் போதவில்லை. "ஸத்தியமா ஸார். தெனமும் செய்யறா" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சொன்னது பொய் என்பதால் அல்ல. ஸ, ஸ, செ என்று மூன்று எழுத்தும் கம்பி மாதிரி நேராக விழுந்தன. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவர் என் வாயைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றிற்று.

டாக்டர் கிளாஸை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். குடித்தேன். என் கீழுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். நாக்கு வெளியே வரவில்லை, ஒரு சொட்டும் வழியவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

"ஸ்வாமி, மருந்து ஒருத்திக்கு, சுகம் மற்றவளுக்கு. பயிற்சி செஞ்சது இந்தப் பொண்ணு."

"அப்போ இவ?" என்றார் மாமா.

என் மாமா பெண் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள்.

"நாந்தான் அப்பா பொய் தொல்லத் தொன்னேன். அக்கா மேல கோச்சுக்காதீங்கோ. பாவம்."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டிருக்கலாம், காட்டிக்கொடுத்திருக்கலாம். வாயில் பழுதோடு நின்றுகொண்டு எனக்காகப் பரிந்து பேசினாள். மாமா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். தப்பை ஒப்புக்கொண்ட நல்ல குழந்தை. நான் ஏழு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த ஸகாரத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அவளுடைய அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் மாமா நடந்ததைச் சொன்னார். மாமி அரிவாள்மணையில் அவியலுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் என்னைக் கேட்டாள்.

"அவ சொன்னா, நீ கேட்டுட்டே. ஆமாவா?"

"ஆமா மாமி."

"இந்த ரெண்டு வருஷத்துல அவ சொன்ன வேற எதையாவது நீ கேட்டிருக்கியாடீ?"

பதிலுக்குக் காத்திராமல் மாமி எழுந்து போய், கண்ணாடியை என் அலமாரியிலிருந்து எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இனிமேல் மேற்பார்வை தானே பார்த்துக்கொள்வதாக மாமாவிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் ஆற்றுக்குப் போனபோது என் மாமா பெண்ணும் கூடவே வந்தாள். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நான் எப்படிப் பயின்றேன் என்று கேட்டாள். துளிக் கோபம் இல்லாமல் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"உன் மேல பாவப்பட்டு நான் உன்னை விடலைடீ. உனக்குச் சரியாகப்படாதுன்னு விட்டேன். எனக்கு உன்னைக் கண்டா அசூயை."

அவள் முகம் சுருங்கியது. திரும்பி ஆற்றைப் பார்த்தாள். எதிர்க்கரையில் யாரோ எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வார்த்தையை இன்னொரு தரம் தொல்லு" என்றாள்.

"எதை?"

"அதூயை."

"அசூயை."

"அதூ... அத்... எனக்கு வரலைக்கா. உனக்கு எப்படி வரது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. முகத்தில் வருத்தம் அப்படியே இருந்தது, ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"பொன்னுன்னு சொல்ல ஆரம்பிச்சு, பொன்... அங்கேயே நிறுத்து. நாக்கு எங்க நிக்கறது?"

"மேல. பல்லுக்குப் பின்னால."

"அங்கேயே வெச்சுண்டு எச்சிலை விழுங்கு."

அன்றிலிருந்து ஆற்றங்கரையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் மாமி பார்த்துக்கொண்டாள். அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது மாமா, "ரெண்டு பேரையும் பாருங்கோ" என்றார். டாக்டர் என்னையும் நாற்காலியில் உட்காரவைத்தார்.

இங்கே கதையை முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன். நடந்தது அப்படி இல்லை. எனக்கு ஏழு மாதம் பிடித்தது அவளுக்கு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. காது நல்ல காது. என் ஸகாரத்தைக் கேட்டே அவள் நாக்கு வழி கண்டுபிடித்தது. ஒரு நாள் மாலை பாகவதர் முன்னால் அவள் முதல் ஷட்ஜத்தைப் பிடித்து நிறுத்தியபோது அவர் தொடையில் தாளம் போடுவதை மறந்துவிட்டார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலின் வேகம் கூடிவிட்டது, விரலிலும் கீறிக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது நான் என்று உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் போவதற்குள், "அக்காதான் தொல்லி... சொல்லிக் குடுத்தா" என்று அவளே சொல்லிவிட்டாள். அதையும் அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

பல் விஷயத்திலும் அப்படித்தான். அவள் சின்னவள், எலும்பு இளசு. நாக்கு தள்ளுவது நின்று, உதடும் மூடிப் பழகியதும் இரண்டு வருஷத்தில் கம்பி இல்லாமலே முன்பற்கள் ஏறக்குறையச் சேர்ந்துவிட்டன. எனக்குப் பாதிதான் சேர்ந்தது. இடைவெளி குறைந்தது, போகவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்னார். மாமா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்று கொஞ்சம் ஆறியது என்று நினைக்கிறேன். பேச்சு மட்டும் எனக்கு முழுதாக நின்றது. பிற்பாடு நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முப்பது வருஷம் சாப்பிட்டேன் என்றால் அந்தப் பித்தானும் தண்ணீரும்தான் காரணம்.

பதினெட்டு வயதில் அவளுக்கு ஆலப்புழையில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். பாட்டைக் கேட்ட பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. என்னையும் அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போயிருந்தார்கள். கல்யாணம் நடந்த நான்கு நாளும் ஓடி ஓடி வேலை செய்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சும்மா நின்றால் மனசு எங்கே போகும் என்று எனக்குத்தானே தெரியும்.

வள்ளக்கடவில் அவளைப் படகு ஏற்றிவிட்டோம். மாமா குழந்தை மாதிரி அழுதார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "சீக்கிரம் ஆலப்புழைக்கு வா, கேட்டியா" என்றாள். நான் அழவில்லை. படகு வளைவு திரும்பியதும் எனக்கு மூச்சு லேசாக வந்தது. இனி இந்த வீட்டில் என்னோடு யாரையும் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது. மாமா மாலையில் வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். முதல் காப்பி எனக்குத்தான் கிடைத்தது. ஆற்றுக்குத் தனியாகப் போனேன், தனியாக வந்தேன். பாகவதர் வராத கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றும் ஓடவில்லை. பத்தாம் நாள் மாமியிடம் போய் நின்றேன்.

"மாமி, ஆலப்புழைக்கு எப்போ போறோம்?"

மாமி அடுப்பிலிருந்து உருளியை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டீ, இங்க யாரைப் பாத்து வயிறு எரியறதுன்னு தெரியலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியும் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைப் படகில் இரண்டு பேரும் கிளம்பினோம்.